உன் தலைமுடியும் நான் சொன்ன பொய்யும்

தம்பி,

நேற்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உன் அம்மாவிடம், “சரிம்மா, மொட்ட போட்டுக்கிறேன். பாட்டையும் வுட்டுடறேன்” என்றாய். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்று கேட்கிற குரலில் அதைச் சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு, சிதம்பரத்தில் இருக்கும் உங்கள் பாட்டுக் குழு அறையைக் காலி செய்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிப் போய்விட்டாய். நாளை வெள்ளிக்கிழமை. காலையில் உன்னைத் திருவதிகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப் போய், எட்டு வருஷமாக நீ வளர்த்த முடியை அம்மனுக்குக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை சென்னையில் உன் மாமா பார்த்து வைத்திருக்கும் கம்பெனி வேலையில் சேர்த்துவிட வேண்டும் என்று உன் அம்மா முடிவு கட்டிவிட்டாள். தேங்காய், பழம், மாலை, உனக்குப் புது வேட்டி எல்லாம் சாமி அலமாரிக்குக் கீழே தயாராக இருக்கிறது. இன்று சாயங்காலம் நீ வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாய். வாயால் பதில் சொல்ல எனக்கு வராது என்பது உனக்கே தெரியும். நாம் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று உன் அம்மா கிண்டல் செய்வாள். அதனால் எழுதி டி.வி. மேல் வைக்கிறேன். படித்துவிட்டு உன்கூட வாசிக்கிற சலீமிடமும் காட்டு. உன் பண்ருட்டி அத்தையிடம் காட்டினாலும் எனக்குக் கவலை இல்லை. இனிமேல் மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை, மறைத்து மறைத்து அலுத்துவிட்டது.

இந்த முடி எப்படி வேண்டுதல் முடி ஆனது என்பதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. 2004இல் உன்னைச் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் சேர்த்தோம். பொங்கலுக்கு வந்தபோது காதை மூடியிருந்தது. அடுத்த தடவை வந்தபோது கழுத்தைத் தொட்டிருந்தது. சலூனுக்குப் போ என்றால் “போறேம்ப்பா” என்பாய், போக மாட்டாய். அந்தச் சமயத்தில்தான் சிதம்பரம் மேலவீதியில் நம் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நீ விடுதியிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்துவிட்டாய், கறுப்புச் சட்டையும் அவிழ்த்துவிட்ட தலையுமாக. பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை சனமும் உன்னைத்தான் பார்த்தது. என் பெரியப்பா மகள், உன் பண்ருட்டி அத்தை, என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, “இன்னாடா இது, புள்ள பொம்பளையாட்டம் முடி வளத்துக்கினு நிக்கறான்? எதுனா பிரச்சினையா?” என்று கேட்டாள். அவமானமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நம்ம ஆத்தாளுக்கு வேண்டுதல். அதான் வளக்கறான்.”

அவ்வளவுதான். அத்தையின் முகம் மாறிவிட்டது. அடுத்த பந்திக்குள் மண்டபம் முழுக்க சேதி பரவிவிட்டது. சற்று முன் உன்னை முறைத்த பெரியவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நீ ஒன்றும் புரியாமல் ஜாங்கிரியைத் தின்றுகொண்டிருந்தாய். உன் அம்மாவுக்கு அது பொய் என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, நல்ல வேலைதான் செய்தோம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பிறகு அந்தப் பொய்யைப் போகிற இடமெல்லாம் எடுத்துப் போனேன். உங்கள் கல்லூரியில் முடி வெட்டாமல் பரீட்சை எழுத விடமாட்டோம் என்றபோது நானே வந்து முதல்வர் அறையில் கைகட்டி நின்று சொன்னேன். அந்த மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்து, “அம்மன் காரியம் சார், நாம குறுக்க வரக் கூடாது” என்று உனக்கு அனுமதி கொடுத்தார். நீ வெளியே வந்து வேப்ப மரத்தடியில் விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நீ பாடுவது என்ன பாட்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒருநாள் உன் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவோடு, சொல்லாமல் கொள்ளாமல் சிதம்பரம் வந்தேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நீங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறை. தெருமுனையில் திரும்பும்போதே மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. நான் மின்வாரியத்தில் கம்பம் ஏறிப் பிழைக்கிறவன். ஷாக் அடித்தவன் தொண்டையிலிருந்து வருகிற சத்தம் எனக்குத் தெரியும், என் கூட வேலை பார்த்தவனிடம் கேட்டிருக்கிறேன். முறுக்கு டப்பாவைக் கீழே போட்டுவிட்டு இரண்டு இரண்டு படியாக ஏறினேன். கதவைத் தட்டக்கூட இல்லை. வாசலில் இருந்த பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, “யாரும் தொடாதீங்க, யாரும் தொடாதீங்க” என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். உள்ளே நீங்கள் எல்லோரும் வாத்தியத்தோடு நின்று என்னைப் பார்த்தீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சலீம்தான் முதலில் பேசினான். “மாமா, அது பாட்டு மாமா” என்றான்.

கையில் ஃபியூஸ் கட்டையோடு நான் நின்ற நிலையை நீ இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லிச் சிரித்ததில்லை. அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அன்றைக்கு உன் மைக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் சோதித்துப் பார்த்தேன். எர்த் சரியில்லை. ஒயரை மாற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டு, எந்த மேடையிலும் மைக்கைப் பிடிக்கும் முன்னால் புறங்கையால் ஒருதரம் தொட்டுப் பார், உள்ளங்கையால் பிடித்தால் அது விடாது என்று சொன்னேன். உன் தொழிலைப் பற்றி நான் உனக்குச் சொன்ன ஒரே புத்திமதி அதுதான். அதை நீ இன்றைக்கும் செய்கிறாய் என்று சலீம் சொன்னான். அதைக் கேட்டபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. நீ முதல் வகுப்பில் பாஸானதற்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் தீமிதி. அதுவும் என் வேலைதான். நம் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் தற்காலிக லைன் இழுத்துக் கொடுப்பது நான் என்பதால் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் எனக்குப் பழக்கம். 2008இல் அவர்களுக்கு வழக்கமாக வருகிற பாட்டுக் கச்சேரிக்காரன் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டான். “உங்க பையன் பாட்டுப் பார்ட்டி வச்சிருக்கானாமே” என்று தலைவர் கேட்டார். எனக்கும் ஒரு ஆசை. சொந்த ஊரில், சொந்தச் சனங்கள் முன்னால் என் மகன் மேடை ஏறி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற சாதாரண ஆசை. நீ எவ்வளவோ சொன்னாய். “அப்பா, எங்களுது மெட்டல், கத்திப் பாடறது, கோயிலுக்கு செட் ஆவாதுப்பா.” நான் கேட்கவில்லை. “ஆத்தா மேல ரெண்டு பாட்டு பாடிட்டு, நடுவுல ஒங்க பாட்டப் போட்டுக்கங்க” என்று சினிமாக் கச்சேரிக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

இரண்டு டிராக்டர் டிரெய்லரைச் சேர்த்துப் போட்ட மேடை. சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. பூக்குழியில் கட்டைகள் எரிந்து தணலாகிக்கொண்டிருந்தன. மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக, தீ மிதிக்கிற பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மன் பாட்டு இரண்டையும் நீ சுமாராகத்தான் பாடினாய். அப்புறம் உங்கள் பாட்டு ஆரம்பித்தது. டிரம்ஸ் அடிக்கிற பையன் இரண்டு காலாலும் மிதிக்க ஆரம்பித்ததும் தரை அதிர்ந்தது. நீ தலையைக் குனிந்து, முடியைச் சுழற்றி, அடிவயிற்றிலிருந்து அந்தச் சத்தத்தை எடுத்தாய். கல்லால் அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் ஃபியூஸ் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் முன்வரிசையில் ஒரு பெண் ஆட ஆரம்பித்தாள். பிறகு பக்கத்தில் ஒருத்தி. பிறகு கிழவர் ஒருவர். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சாமி வந்துவிட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டு பாடியதால் உனக்கு எதுவும் தெரியாது. உன் பண்ருட்டி அத்தை தலைவிரி கோலமாக ஆடிக்கொண்டே வந்து உன் அம்மா முன்னால் நின்றாள். “எனக்குன்னு வளத்த முடிய ஏன்டி வச்சிக்கினு இருக்க? எப்பக் குடுப்ப? எப்பக் குடுப்ப?” என்று கேட்டாள். உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். “குடுத்துடறேன் தாயே. இந்தப் பாட்ட வுட்டுட்டு ஒரு வேலக்கிப் போவட்டும், அன்னிக்கே குடுத்துடறேன்” என்றாள். பக்கத்திலேயே நான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. கமிட்டித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, “எங்க ஊர்ல இத்தினி பேருக்கு ஆத்தா வந்ததே இல்லைங்க, அடுத்த வருஷமும் நீங்கதான்” என்று என் கையைக் குலுக்கினார்.

திரும்பும்போது பஸ்ஸில் உன் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். நான் அக்காவிடம் சொன்ன பொய்தான் அக்கா வாய் வழியாக வந்தது, ஆத்தா எங்கே வந்தாள் என்று கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. “நீங்க பொய்யாச் சொல்லியிருப்பீங்க. அவ நெசமாக் கேட்டுக்கிட்டா.” நானும் ஆத்தாளைக் கும்பிடுகிறவன்தான். அவள் கேட்கவே இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து நம் வீட்டில் எது நடந்தாலும் அந்த முடிதான் காரணம். எனக்குக் கையில் தீக்காயம் பட்டாலும் அதுதான், உன் அம்மாவுக்குச் சர்க்கரை வந்தாலும் அதுதான். உங்கள் குழுவுக்கு நல்லது நடக்காததற்கும் அதுதான் காரணம் என்பாள். உங்கள் குழுவுக்கு நல்லது நடந்தால் அவளுக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம். சென்னையில் போட்டியில் ஜெயித்தீர்கள், ஒரு சி.டி. போட்டீர்கள், அதை வாங்க ஆள் இல்லாமல் நம் வீட்டுப் பரணில் அடுக்கினீர்கள். டிரம்ஸ் அடித்த பையன் அமெரிக்கா போனான், வேறொருவன் வந்தான், அவனும் போனான். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்யாணம் செய்து குழந்தையோடு வந்தார்கள். நீ ஒவ்வொரு தடவையும் தொண்டை கட்டிப்போய் வந்தாய். இந்தப் பாட்டு நாசமாய்ப் போக என்று திட்டிக்கொண்டேதான் உன் அம்மா மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். நீ குடித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் கிடப்பாய். அக்கம்பக்கத்தில் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை என்று அதற்கும் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய் ஆகிவிடும். கோபம் இருந்தது. ஆள் வராத பாட்டுக்கு இப்படி உயிரை விடுகிறானே என்று ஆத்திரப்பட்டேன். முடியை வெட்டிக்கொண்டு வந்து நிற்க மாட்டானா என்று நானும் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

போன மார்கழியில் ‘தானே’ புயல் வந்ததே, அதற்குப் பிறகுதான் நான் மாறினேன். நம் மாவட்டத்தில் நிமிர்ந்து நின்ற கம்பம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, பார்க்கிற பக்கமெல்லாம் வெட்டவெளி. நம் பின்கட்டு ஓடு முழுக்கப் பறந்துபோயிருந்தது. உன் அம்மா ஓட்டைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள், ஆத்தா கேட்டுவிட்டாள் என்கிற மாதிரி. கச்சேரிக்குச் சென்னை போயிருந்த நீ கிடைத்த லாரியைப் பிடித்து வந்து சேர்ந்தாய். உன் பாட்டுக்குக் கரண்ட் வேண்டும், ஊரில் கரண்ட் இல்லை. வேறு வேலை இல்லாமல் என் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்தாய். நெல்லிக்குப்பம் பக்கம் வயலுக்குள் கம்பம் நட வேண்டும், சேற்றில் வண்டி இறங்காது. வெளியூரிலிருந்து வந்த ஆட்கள், உள்ளூர் ஆட்கள் என்று கலந்து கயிற்றைப் பிடித்திருந்தோம். ஒருத்தன் இழுக்கும்போது இன்னொருத்தன் விட்டுவிடுவான். நாள் கணக்கில் தூங்காதவர்கள், யாருக்கும் உடம்பில் தெம்பில்லை. நான் குரல் கொடுத்துப் பார்த்தேன், என் தொண்டையில் காற்றுதான் வந்தது. அப்போது நீ முன்னால் போய், எங்களுக்கு எதிரே சேற்றில் நின்றாய். தலைமுடியை முடிந்துகொண்டாய். அந்தச் சத்தத்தை எடுத்தாய்.

முதலில் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். “இன்னாப்பா இது, புலி வந்துட்டுதா” என்று ஒருவர் கேட்டார். நீயும் சிரித்தாய். மறுபடி எடுத்தாய். இந்தத் தடவை அந்தச் சத்தம் விழுகிற இடத்தில் எல்லாக் கையும் ஒன்றாக இழுத்தது. கம்பம் எழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை நீ கத்திக்கொண்டே இருந்தாய், நாங்கள் இழுத்துக்கொண்டே இருந்தோம். கடைசிக் கம்பத்தை நட்டு முடித்ததும், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஆள் ஒருவர் உன்னைக் காட்டி, “யாருங்க இந்தத் தம்பி, எந்த செக்‌ஷன்?” என்று என்னிடம் கேட்டார். “என் பையன். பாட்டுக்காரன்” என்றேன். உனக்கு எட்டுகிற தூரத்தில் நான் சொல்லவில்லை. எட்டு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக உன் தொழிலை ஒருவரிடம் உள்ளபடி சொன்னேன். உங்கள் குழுவில் நீ ஏன் முன்னால் நிற்கிறாய் என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. உன் பாட்டு எனக்கு இன்றுவரை பிடிக்காது. அது வேறு.

அந்தப் பெருமையை உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை, வேலை, அதற்குமேல் களைப்பு. அதற்குள் உன் அம்மா உன் மாமாவிடம் பேசி வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். “இந்தத் தடவ உடாதீங்க மச்சான், அவன் வயசு ஏறிக்கினே போவுது” என்று அவர் எனக்கும் போன் செய்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சமயத்தில் பார்த்துத்தான் உங்களுக்குப் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த மாதம் ஏதோ வெளிநாட்டுக் குழு பெரிய மைதானத்தில் பாடப் போகிறதாம், அவர்களுக்கு முன்னால் பாட உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நீ வீட்டில் சொல்லவே இல்லை. போன வாரம் லால்பேட்டையிலிருந்து சலீம்தான் எனக்குச் சொன்னான். “எட்டு வருஷமா இதுக்குத்தான் மாமா காத்துக்கினு இருந்தோம். இப்பப் போயி எங்கம்மா அழுவுறாங்கன்னு சொல்றான். பாடறதுக்கு வேற ஆளக்கூடத் தேடிப் புடிச்சிருவோம் மாமா. ஆனா முன்னாடி யாரு நிப்பா?” பாவம், அவன் வீட்டிலும் அவனுக்கு இதே பாடுதான்.

மொட்டை போட்டுக்கொண்டும் பாடலாம் என்று நீ அவனிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன், முடி போனால் வளரும். ஆனால் உன் அம்மா ஆத்தாளிடம் சொன்னது முடியை மட்டும் இல்லை, பாட்டை விடுவதையும் சேர்த்து. நேற்று நீ இரண்டுக்கும் தலையாட்டினாய். பாட்டு சலித்துப்போய் விட்டாய் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். வேலை வேண்டும் என்று போனால் இன்னும் சந்தோஷம். ஆனால் நான் கல்யாண வீட்டில் கூச்சப்பட்டுச் சொன்ன ஒரு பொய்க்காக நீ விடப் போகிறாய்.

அதனால் இன்று காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் நானே கோயிலுக்குப் போனேன். போகிற வழியில் உன் அத்தை வீட்டுக்குள் நுழைந்து, அன்றைக்கு மண்டபத்தில் சொன்னது பொய் என்று சொன்னேன். அவள் சாணி தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, “அப்பவே தெரியும்டா. ஷாம்பு போட்டு அத்தினி பளபளன்னு எவன்டா வேண்டுதல் முடி வளப்பான்?” என்றாள். அப்படியென்றால் தீமிதியில் ஏன் கேட்டாய் என்றேன். “ஆத்தா வந்தப்ப இன்னா பேசினேன்னு எனக்கு எப்புடித் தெரியும்? அத அவகிட்டப் போயிக் கேளு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு ஆத்தாளிடமே போனேன்.

பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. “சொன்னது பையன் முடியாச்சே” என்றார். “சொன்னவன் நானாச்சே” என்றேன். அவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, “அப்ப உக்காருங்க” என்றார். முடி எடுக்க வந்தவர் என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, “இதுல எடுக்கறதுக்கு இன்னா இருக்கு மாமா” என்று கேட்டார். இருப்பதை எடு என்றேன். காதோரத்திலும் பின்னாலும் இருந்ததுதான், அதுவும் வெள்ளை. கெடிலம் ஆற்றில் தண்ணீர் இல்லை, கோயில் குழாயில் குளித்துவிட்டு ஆத்தா முன்னால் நின்றேன். எனக்கு வேண்டத் தெரியாது. பொய் சொன்னது நான், சொன்ன வாய்க்குச் சொந்தமான தலையில் இருந்ததை எடுத்துக்கொள், இதற்குமேல் பிள்ளையிடம் போகாதே என்றேன். அழுகை வந்துவிட்டது. இந்த வயதில், அந்த வெயிலில், ஒரு ஆம்பிளை அப்படி அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஆகப் போகிறது, கேட்காமலே தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தலையைத் தடவிப் பார்த்தாள். “அங்கங்க வெட்டி வச்சிருக்கான் பாருங்க” என்று சொல்லிச் சந்தனம் இழைத்து அவளே பூசினாள். பூசும்போது, “ஆத்தா கோவிச்சிக்குவாளா?” என்று கேட்டாள். “கோவிச்சிக்கிட்டா என்மேல கோவிச்சிக்கட்டும்” என்றேன். அவள் அரிசியை உலையில் போட்டாள். சமைத்தாள், எனக்குப் போட்டாள், தானும் சாப்பிட்டாள். பிறகு சாமி அலமாரிக்குக் கீழே இருந்த அந்தப் பழத்தை எடுத்து, கழுவி, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “காலையில அவன எழுப்ப வேணாம். தூங்கட்டும்.”

உன் அம்மா வாயிலிருந்து அதற்குமேல் எதிர்பார்க்காதே. என்னிடமிருந்தும் எதிர்பார்க்காதே, நான் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன் தம்பி. நாளைக் காலையில் உன்னை யாரும் எழுப்ப மாட்டோம். எப்போது விழிப்பு வருகிறதோ அப்போது எழுந்து வந்து, எந்த ஊர் பஸ்ஸுக்கு உன்னை வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும் என்று மட்டும் சொல்.

அப்பா